பதினேழு வரவில்லை

பிப்ரவரி 1

அண்ணிக்கு,

தலைமையாசிரியையின் கடிதம் நேற்று வந்தது. எனக்குப் பதிலாக இரண்டாம் வகுப்புக்கு வரப்போவது நீங்கள் என்று அதன் கடைசி வரியில் இருந்தது. என்னைக் கேட்டிருந்தால் வேறு யாரையாவது சொல்லியிருப்பேன். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை, உங்களுக்கே தெரியும்.

தொண்டையில் இருந்த முடிச்சை எடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து வருடம் வகுப்பில் கத்தியதால் வந்தது என்றார் டாக்டர். நான் கத்தியதில்லை என்று எழுதிக் காட்டினேன். "எல்லா டீச்சரும் இதையேதான் எழுதிக் காட்டுறாங்க" என்றார். ஆறு வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. அதனால் தொலைபேசி உதவாது. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருப்பதால் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன்.

வகுப்பில் முப்பத்தொரு பேர். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அடியில் மடித்து வைத்த காகிதத்தைப் பொழுது போகாதபோது பிடுங்கிவிடுவார்கள். நான்கு பேர் ஆறையும் ஒன்பதையும் மாற்றி எழுதுகிறார்கள். தப்பான கணக்குக்குப் பெருக்கல் குறி போடாதீர்கள். அடியில் ஒரு கோடு போதும், அதன் கீழே அவர்களே திரும்பச் செய்வார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் மேசையில் தலை சாய்த்துக்கொள்வார்கள். இரண்டு பேர் நிஜமாகவே தூங்கிவிடுவார்கள். எழுப்ப வேண்டாம். யாராவது "ஒண்ணுக்கு" என்றால் விடுங்கள். அவனைப் பார்த்து எழுந்திருக்கும் அடுத்த ஐந்து பேரை விடாதீர்கள். ஆறாவது ஆளை விட்டுவிடுங்கள், அவன் உண்மையாகவே அடக்கிக்கொண்டிருந்திருப்பான்.

ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதால் வருகையை எண் சொல்லித்தான் எடுக்கிறேன். பத்து நாள் தொடர்ந்து வரவில்லை என்று குறித்தால் அலுவலகம் தானாகவே வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பும். பதினைந்து நாளைக்குள் சரியாகாவிட்டால் பெயரை நீக்கிவிட்டு, காத்திருப்போர் பட்டியலிலிருந்து அடுத்த பிள்ளையைச் சேர்த்துவிடுவார்கள். ஆகவே பார்த்துக் குறியுங்கள்.

சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 8

நாத்தனாருக்கு,

பதினோரு வருடத்தில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம். அதிலும் பெஞ்சுக் கால்தான். உன் அண்ணன் வாசித்துவிட்டு, "அவ எப்படி இருக்கான்னு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். "பெஞ்சுக் கால்லயே இருக்கு, குட்டையா இருக்காளாம்" என்றேன்.

கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்டு எல்லாரிடமும் 'கேள்விக்குறி' என்று பெயர் வாங்கியவள் நீ. வாடி போடி என்று இருந்தவள், நான் உன் அண்ணனைக் கட்டிக்கொண்ட மறுநாளே அண்ணி என்றும் நீங்கள் என்றும் ஆரம்பித்தாய். இன்னும் விடவில்லை.

மகள் பிறந்தபோது வேலையை விட்டேன். பதினெட்டு வருடம் கழித்துச் சாக்பீஸைப் பிடித்தால் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. உன் ஆறாவது ஆள் கணக்கு சரிதான். நான்தான் எண்ணத் தவறிவிட்டேன், தரையைக் கழுவ வேண்டியதாயிற்று.

ஒருத்தியைப் பற்றி நீ எழுதவில்லை. பதினேழாம் எண். நடு வரிசையில் உட்கார்ந்து கண்ணை விரித்து என்னையே பார்க்கிறாள். எண்ணைக் கூப்பிட்டால் வாயைத் திறப்பதில்லை. பென்சில் டப்பாவை டொக் டொக்கென்று தட்டுகிறாள், வகுப்பே சிரிக்கிறது. இரண்டாம் நாளே டப்பாவைப் பிடுங்கி என் மேசைக்குள் வைத்துவிட்டேன். "வாய் இருக்கில்ல? 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லு. சொல்றவங்களுக்குத்தான் வருகை" என்றேன். சொல்லவில்லை. வரவில்லை என்று குறித்துவிட்டேன். ஐந்து நாளாக இதே கதை. பார்ப்போம், அவள் பிடிவாதமா என் பிடிவாதமா என்று. திங்கட்கிழமைக்குள் வழிக்கு வந்துவிடுவாள்.

என் மகளையும் ஏழு வயதில் இப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். அவளுடைய ஏழு வயதை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நீ அவளை இரண்டாம் வகுப்பிலேயே நிறுத்தி வைத்த வருடம் அது. இப்போது பதினெட்டு. அவளுடன் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், இவள் இன்னும் பள்ளிக்கூடப் பை தூக்குகிறாள். உன் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை நீ கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

அண்ணி

*

பிப்ரவரி 12

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. இங்குள்ள நர்ஸிடம் எழுதிக் கொடுத்துப் பள்ளிக்கு ஃபோன் செய்யச் சொல்லியிருக்கிறேன். எழுத்தர் எடுத்தாராம். சரியாகச் சொல்லியிருப்பாரா என்ற சந்தேகத்தில் இதையும் அனுப்புகிறேன்.

அந்தப் பிள்ளை பள்ளியில் பேசமாட்டாள். வீட்டில் பேசுகிறாள் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார். பள்ளி வாசலைத் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்கிறது. பிடிவாதம் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொல்பவர்களையும் நான் நம்பவில்லை.

பள்ளி திறந்த மூன்றாவது வாரம். பதினேழு என்றேன், பதில் இல்லை. வரவில்லை என்று குறிக்கப் பேனாவை எடுத்தேன். இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் அவள் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தாள் என்று குறித்தேன். அவ்வளவுதான் நடந்தது. நான் பாராட்டவும் இல்லை, மற்ற பிள்ளைகளிடம் விளக்கவும் இல்லை. விளக்கியிருந்தால் அடுத்த நாள் தட்டியிருக்க மாட்டாள். அன்றிலிருந்து தினமும் இரண்டு தட்டு. அதுதான் அவளுடைய 'உள்ளேன்'. ஏழு மாதத்தில் எனக்கு அது மற்ற முப்பது குரல்களைப் போல இன்னொரு குரலாகிவிட்டது. அதனால்தான் உங்களுக்கு எழுதத் தோன்றவில்லை. பெஞ்சுக் காலை எழுதினேன், அவளை எழுதவில்லை.

நீங்கள் பிடுங்கியது டப்பாவை அல்ல. வெள்ளிக்கிழமையோடு பத்து நாள் ஆகிவிடும். தயவுசெய்து வந்தாள் என்று குறியுங்கள்.

நாத்தனார்

*

பிப்ரவரி 18

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நோட்டீஸ் வெள்ளிக்கிழமையே போய்விட்டது.

எழுத்தர் வியாழக்கிழமை வகுப்பு வாசலுக்கு வந்து, "லீவுல இருக்கிற டீச்சர் ஃபோன்ல சொல்லச் சொன்னாங்களாம், பதினேழு தட்டுறாளாம், பார்த்துக்கணுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு பேசாமல் போய் உட்கார்ந்தாள். நீ சிரிக்கமாட்டாய். நானும் சிரிக்கவில்லை.

நேற்றும் இன்றும் அவள் நிஜமாகவே வரவில்லை. முன்பு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டைப்பல் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவங்க அப்பாக்கு லெட்டர் வந்துச்சாம் டீச்சர். பத்து நாளா நீ இஸ்கூலுக்கே போகலைன்னு. தினம் வேன்ல கூட்டிட்டு வந்து கேட்ல விட்டுட்டுத்தானே போறேன், அப்புறம் எங்கடி போறன்னு அடிச்சாராம்."

"அவ என்ன சொன்னாளாம்?"

"இஸ்கூல்லதான் இருந்தேன்னு சொன்னாளாம். லெட்டர் பொய் சொல்லுமான்னு கேட்டாராம்." பிறகு, "அவ இருந்தாதானே டீச்சர்? நான் பக்கத்துலயே இருந்தேனே" என்றது.

என்ன பதில் சொல்லியிருப்பாய் நீ? நான் இடத்தில் போய் உட்காரச் சொன்னேன்.

அண்ணி

*

பிப்ரவரி 22

நீ என்றே எழுதுகிறேன். அண்ணி என்று எழுதினால் இதை எழுத முடியாது.

அந்தப் பிள்ளை வீட்டில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதை உன் பத்துக் குறி பொய்யாக்கிவிட்டது. பேசச் சொல்லித்தானே குறித்தாய்? பேசினாள், அடி விழுந்தது. இனி எதற்காகப் பேசுவாள்?

என் பங்கு இதில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. பேசாமல் இருந்தால் அந்தப் பிள்ளையின் நிலைமை எனக்கு நன்றாகப் புரியும் என்று நர்ஸ் சொல்கிறார். புரியவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் எல்லாரும் பேனாவைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அவளிடமிருந்து பிடுங்கினார்கள்.

நோட்டீஸ் போய் எட்டு நாள் ஆகிறது. இருப்பது ஒரு வாரம். பதிவேட்டில் பத்துக் குறியையும் சிவப்பு மையில் திருத்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் விதி. குறித்தவர்தான் திருத்த முடியும். நான் வந்து செய்ய முடியாது. தலைமையாசிரியை சம்மதிக்கமாட்டார். சம்மதம் கேட்காதே.

*

பிப்ரவரி 28

கேள்விக்குறிக்கு,

பதிவேட்டைத் திருத்து என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். உன் கடிதத்தைப் படித்ததும் பதினோரு வருடத்துக்கு முன்னால் உன் வீட்டு வாசலில் நான் நின்றதுதான் ஞாபகம் வந்தது. சொல்வதெழுதுதல் தாளை இன்னொரு தடவை பார் என்று கேட்டேன். இரண்டு மதிப்பெண்தானே குறைகிறது என்றேன். "எழுதினது எழுதினதுதான் அண்ணி" என்றாய். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

உனக்குப் பதில் எழுதாமல் விடலாம் என்றிருந்தேன். ஆனால் கடைசிப் பெஞ்சு காலியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன்.

துணி தேய்க்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. அம்மா கீழே கடையில் வேலையாக இருந்தாள், மேலே போங்கள் என்று கையைக் காட்டினாள். படியில் ஏறும்போதே மேலேயிருந்து கணீரென்று ஒரு குரல் கேட்டது. யாரோ பெரிய பிள்ளை என்று நினைத்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தால் அவள்தான். கட்டிலில் தலையணைகளையும் செருப்புகளையும் வரிசையாக உட்கார வைத்து வருகை எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு குரலில் அவளே "உள்ளேன் டீச்சர்" என்கிறாள். மூக்கடைத்த பதினொன்று, இழுத்துப் பேசும் பதினாலு, ஓட்டைப்பல்லின் காற்று, எல்லாம் அப்படியே வருகிறது. கூப்பிடுகிற குரல் என் குரல். நான் அவ்வளவு கடுகடுவென்று கூப்பிடுகிறேன் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"பதினாறு." "உள்ளேன் டீச்சர்." "பதினேழு."

நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தாள்.

"வரல. பதினெட்டு."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் முப்பத்தொன்று வரை முடித்தாள். நான் எழுந்து கதவைத் தள்ளியதும் அந்தக் குரல் நின்றுவிட்டது. வகுப்பில் என்னைப் பார்க்கிற அதே கண்.

அப்பா ஏழு மணிக்கு வந்தார். சரக்கு வேன் ஓட்டுகிறவர், அமைதியான ஆள். அடித்தவர் என்று சொன்னால் நம்பமாட்டாய்.

"உங்க பொண்ணு பொய் சொல்லல. தினமும் வந்தா. நான்தான் வரலைன்னு குறிச்சேன்" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

"பேசட்டும்னு."

அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டீஸை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். "நீங்க வாயால சொல்றீங்க. இதுல முத்திரை இருக்கே. இதையும் நீங்கதானே அனுப்பினீங்க? எதை நம்புறது நான்?" என்றார். எழுத்தில் கொடுங்கள், அனுப்புகிறேன் என்றார். அவள் அடுக்களைக் கதவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் போனேன். சம்மதம் கேட்காதே என்றாய். எனக்கு அப்படிப் பழக்கமில்லை, கேட்டேன். "திருத்தினா ஆய்வாளர் கேப்பாரு. எதுக்கு வம்பு? பேரை நீக்கிட்டுப் புதுசா சேர்த்த மாதிரி முப்பத்திரண்டுன்னு போட்டுக்கலாம். பிள்ளைக்கு இடம் கிடைச்சாப் போதாதா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்படிச் செய்தால் அந்தப் பத்து நாளும் அவள் வராததாகவே ஆகிவிடும், அவள் அப்பாவிடம் சொன்னதும் பொய்யாகவே இருந்துவிடும் என்று அப்புறம்தான் உறைத்தது.

பதிவேட்டை வகுப்புக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகள் முன்னாலேயே திருத்தினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. 'கவனக்குறைவு' என்று எழுதலாம், எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். நான் கவனமாகத்தான் குறித்தேன். 'மாணவி வகுப்பில் இருந்தாள். தெரிந்தே குறிக்கவில்லை.' பத்துத் தடவை அதையே எழுதிப் பத்துக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தை நகலெடுத்து நானே கொண்டுபோய் அந்த வீட்டில் கொடுத்தேன். அவர் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தார்.

நேற்று அவள் வந்துவிட்டாள். நீ திரும்பும் வரை நான் இருக்கலாமாம், அதற்குப் பிறகு இந்தப் பள்ளியில் எனக்கு வேலை கிடையாதாம். தலைமையாசிரியை மரியாதையாகத்தான் சொன்னார்.

எழுதினதைத் திருத்த முடியும் என்று உனக்குத் தெரிவிக்கவே இவ்வளவும் எழுதினேன்.

*

மார்ச் 4

உன் கடிதத்தை மூன்று நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்வதெழுதுதல், இருபது சொல். தேர்ச்சிக்குப் பத்து வேண்டும். உன் மகள் எட்டு வாங்கினாள் என்று உனக்குத் தெரியும். எப்படி எட்டு என்று உனக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவளுக்கு ழகரம் வராது. பழம், கிழமை, மழை, தமிழ். நான்கிலும் ளகரம் போட்டிருந்தாள். ஒரே எழுத்தில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒரு தவறாகத்தான் நான் எண்ணுவேன். பிள்ளைக்கு ஒன்றுதான் தெரியவில்லை, நான்கு அல்ல. அந்த வருடமும் மற்ற பிள்ளைகளுக்கு அப்படித்தான் எண்ணினேன். அவளுக்கு மட்டும் நான்கு என்று எண்ணினேன். வழக்கப்படி எண்ணியிருந்தால் பதினொன்று வந்திருக்கும்.

அதற்கு முந்தின வாரம் ஆசிரியர் அறையில் ஒருவர் தேநீர் ஆற்றிக்கொண்டே, "அத்தை வகுப்புல மருமகளுக்கு என்ன கவலை?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திருத்தும்போது அந்தச் சிரிப்புத்தான் காதில் இருந்தது. நேர்மையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தேன். அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ வாசலில் வந்து நின்றபோது தாள் என் மேசையில்தான் இருந்தது. உள்ளே கூப்பிட்டிருந்தால் நீ பார்த்திருப்பாய்.

அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளிடமும் நியாயமாக இருந்திருக்கிறேன். பெருக்கல் குறி போடாமல் கோடு போடும் பழக்கம்கூட அந்த வருடத்துக்குப் பிறகு வந்ததுதான். நல்ல டீச்சர் என்று பெயரும் வாங்கினேன். உன் மகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அந்தத் தாளை எப்போதோ எரித்திருப்பார்கள். சிவப்பு மையில் எழுத இடமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். உன் மகள் தேர்ச்சி பெற்றாள். தெரிந்தே குறிக்கவில்லை.

இதை அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

*

மார்ச் 9

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் மேல் கொலைவெறியில் இருந்தேன். பாத்திரங்களைக் கேட்டுப் பார், சொல்லும். உன் அண்ணன் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தார். மூன்றாம் நாள் கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ இருந்தது. அது என்னவென்று இன்னும் பார்க்கவில்லை.

பதினேழு வருகிறாள், பேசவில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன், தட்டவும் இல்லை. நான் இப்போது எண்ணைக் கூப்பிடுவதில்லை. பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போய் முகத்தைப் பார்த்துக் குறிக்கிறேன். கால் மணி நேரம் ஆகிறது. "கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற மாதிரி இருக்கு" என்று தலைமையாசிரியை ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் முறை வரும்போது நான் எழுதுகிற குறியை எட்டிப் பார்க்கிறாள். சரியாகப் போட்டேனா என்று பார்க்கிறாள். என்னை அவள் நம்பவில்லை. எத்தனை நாள் பார்ப்பாளோ, பார்க்கட்டும்.

மகளிடம் காட்டினேன். நின்றுகொண்டே படித்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள்.

"அத்தைக்கு இன்னும் பேச்சு வரலையா?"

"இன்னும் ஒரு வாரம் ஆகுமாம்."

"வந்தப்புறம் நேர்ல வந்து சொல்லச் சொல்லும்மா. எனக்கு லெட்டர் வேண்டாம்."

உள்ளே போனவள் திரும்பி வந்து, "நாலுமே ழவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இப்பவும் எனக்கு அது சரியா வராது" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, நீயும் கேட்காதே.

*

மார்ச் 13

நேற்று டாக்டர் பார்த்தார். ஆறிவிட்டதாம். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன் மகளை வீட்டில் இருக்கச் சொல். இருக்க முடியாது என்றால் வற்புறுத்தாதே, வாசலில் காத்திருக்கிறேன். அன்றைக்கான பத்து நிமிடத்தை வழியில் யாரிடமும் செலவழிக்கமாட்டேன்.